கசிவு பொறுக்காதவர்

தெருவில் அவரை எல்லோரும் நுரைக்காரர் என்றுதான் அழைப்பார்கள். ஃப்ரிட்ஜ், ஏசி, மீன் வியாபாரிகளின் பெரிய குளிர் அறை, எதுவாக இருந்தாலும் கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு வேண்டியது ஒரு டப்பா சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய ஷேவிங் பிரஷும்தான். குழாய் நெடுக நுரையைத் தடவிவிட்டுக் குந்தி உட்கார்ந்து இமைக்காமல் பார்ப்பார். எங்கே நுரை குமிழ் விடுகிறதோ அங்கே ஓட்டை. கசிவைக் கண்டால் பீப் பீப் என்று கத்துகிற கருவிகள் கடைக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். "அது எதைக் கண்டாலும் கத்தும். நுரை பொய் சொல்லாது" என்பார்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். ஐஸ் ஃபாக்டரியில் பாளம் தூக்கப் போனவர், அங்கே மெஷின் ரூமில் மெக்கானிக் வேலை செய்யும்போது விளக்குப் பிடிக்கிற சாக்கில் நின்று நின்று தொழிலைக் கண்ணாலேயே திருடிக்கொண்டார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் மெக்கானிக் வராதபோது கம்ப்ரசர் நின்றுபோக, முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இவர்தான் ஓட வைத்தார். அன்றைக்குக் கீழே வைத்த பாளத்தை மறுபடி தூக்கவே இல்லை. இன்றைக்கு அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஒரே மூச்சில் கட்டிய வீடு அல்ல. கையில் காசு ஓடும்போது ஓர் அறை, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னோர் அறை என்று கட்டியது. அதில் ஒரு குழாய் சொட்டாது. ஒரு ஜன்னல் வழியாகத் தூறல் உள்ளே வராது. அப்படி வீடு கட்டியவர்கள் எத்தனை பேர், கையை உயர்த்தச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கசிவு என்றால் அவருக்கு ஆகாது. அது வியாதி மாதிரி. ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனால் நோயாளியை விட்டுவிட்டு வாஷ்பேசின் குழாயைத் திருகிக்கொண்டிருப்பார். சம்பந்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், குளியலறையில் சொட்டுச் சத்தம் கேட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அவர் மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் ஜன்னல் திரை தைக்கிறார். கர்ட்டன் அம்மா என்றால் தெரியாதவர் இல்லை. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் நுரைக்காரரோடு குப்பை கொட்டியிருக்க முடியாது.

இருவருக்கும் ஊர் சுற்றுகிற பழக்கம் கிடையாது. சினிமாவுக்குப் போனால் இவர் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்களுடைய சந்தோஷம் வேறு. கல்யாணமான புதிதில், ஒற்றை அறையில் குடியிருந்தபோது, யாரோ தூக்கிப் போட்ட ஃப்ரிட்ஜ் ஒன்றை இவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து உயிர் கொடுத்தார். அதற்குள் வைக்க வீட்டில் ஒன்றுமே இல்லை. மனைவி அரை லிட்டர் பால் வாங்கி, எலுமிச்சை பிழிந்து, திரிய வைத்து, துணியில் கட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தார். மறுநாள் சீஸ் என்று பேர் வைத்து இருவரும் தின்றார்கள். ரப்பர் செருப்புக்கு உப்புப் போட்ட மாதிரி இருந்தது. அதிலிருந்து பிடித்த பைத்தியம்தான்.

மாலையில் கடை சாத்துகிற நேரத்துக்கு மார்க்கெட் போவார்கள். அடிபட்ட தக்காளி, கனிந்து வெடித்த பழம், யாரும் சீந்தாத இஞ்சி என்று பை நிறைய வரும். அப்புறம் வீட்டில் ஆராய்ச்சி நடக்கும். செத்த ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குள் பல்பும் சின்ன ஃபேனும் மாட்டித் தக்காளி காயவைக்கிற அலமாரி செய்தார் நுரைக்காரர். அது அமோகமாக வந்தது. ஜாம் செய்தார்கள். அதைப் பாட்டிலிலிருந்து எடுக்க ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டது. ரொட்டி சுட்டார்கள். தின்று தீர்க்கிற வரை அந்த ரொட்டிதான் வாசல் கதவு அடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சட்டம்: நன்றாக வந்தாலும் நாசமாகப் போனாலும் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். குறை சொல்லலாம். கொட்டக் கூடாது.

இந்த முறை மனைவி கையில் எடுத்தது இஞ்சி. இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் ஒரு சிட்டிகை. பழரசம் வந்த கண்ணாடிப் பாட்டில்கள் ஆறில் ஊற்றி, ஒரு மரக்கூடையில் அடுக்கி, கறுப்புத் திரைத் துணியால் போர்த்தி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார். அங்கேதான் சூடு சமமாக இருக்கும். தானாகப் பொங்கி, சோடா மாதிரி சுர்ரென்று மூக்கில் ஏற வேண்டும். முன்னால் செய்ததெல்லாம் கஷாயமாகத்தான் முடிந்திருந்தது. இதை ஒருமுறையாவது சரியாகக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு ஒரு வெறி.

"இது என் கேஸு. நீங்க இந்தப் பக்கமே வரக் கூடாது" என்றார்.

"நான் ஏம்மா வர்றேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"உங்க வேலைதான் எனக்குப் பயம்."

இரண்டு நாள் நுரைக்காரர் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, மனைவி கடைக்குப் போனபின், ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்தது. ஸ்ஸ்ஸ். மிக மெல்லிய சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்ட மாதிரி இருந்தது. அலமாரியைத் திறந்து துணியை விலக்கினார். மூடிகள் எல்லாம் அரைச் சுற்று தளர்ந்து கிடந்தன. சோப்பு நுரையைத் தொட்டு வைத்தார். ஆறு பாட்டிலிலும் குமிழ்.

மனைவிக்கு மூடி இறுக்கத் தெரியவில்லை என்றுதான் அவர் நினைத்தார். பாவம், துணி பிடிக்கிற கை, அவ்வளவுதான் வலு. இப்படிக் கேஸை வெளியே விட்டால் பானம் எப்படி மூக்கில் ஏறும்? இத்தனை நாள் கஷாயமாகப் போன ரகசியம் இதுதானே! சைக்கிள் டியூபில் வட்டம் வெட்டி வாஷர் போட்டார். கழுத்து மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினார். மூடியைப் போட்டு, அதைச் சுற்றிப் பிடிக்கிற பட்டை ஸ்பேனரால் ஓர் இழுப்பு இழுத்தார். மறுபடி நுரை. ஒரு குமிழ் இல்லை. துணியைப் பழையபடி போர்த்திவிட்டு, விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவள் திறக்கும்போது பொங்கி வழியட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் வெயில் என்றால் வெயில், அப்படி ஒரு வெயில்.

இரண்டாம் நாள் திரைக்கடைக்கு விடுமுறை. "நீங்க மத்தியானம் வந்ததும் திறந்து பாக்கலாம்" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தார். நுரைக்காரர் மீன் முதலாளியின் குளிர் அறை வேலையில் இருந்தார். மொட்டை மாடியில், கேஸைக் குளிர வைக்கிற காயிலுக்குக் காற்று வீசுகிற ஃபேன் மோட்டார் கருகிவிட்டது. கூட உதவிக்கு மச்சினன். மனைவியின் தம்பிதான். தலை நரைத்தும் இன்னும் இவரிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலைதான் பார்க்கிறான். மோட்டார் மாட்டுகிற வேலையை இவர் யாரிடமும் விட்டதில்லை.

அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டினார். மெஷின் நின்றிருந்தபோதும், மாடி வெயிலில் முள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பாத்தியா மாப்ள, முள்ளு எங்க போகுது பாரு. வெயில் படப்பட உள்ள இருக்கிற கேஸு மூச்சு முட்டும். அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கணும். வழி வெக்காம மூடினா என்ன ஆகும் தெரியுமா? பாத்திரத்தையே உடைச்சுக்கிட்டு வரும். பக்கத்துல ஆளு நின்னா மூஞ்சி இருக்காது. உள்ளயே பொங்குற ஒண்ண வழி இல்லாம அடைச்சு வெக்கிறவன் மாதிரி ஒரு முட்டாள் இந்த உலகத்துல..."

அங்கேயே நின்றுவிட்டார். கையிலிருந்த ஸ்பேனரும் நின்றது.

"உலகத்துல? சொல்லுங்க மாமா" என்றான் மச்சினன்.

நுரைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மனைவி அடுப்பு முன்னால் நிற்பதும், அவர் முகத்துக்கு நேராக அந்த அலமாரிக் கதவு இருப்பதும் கண் முன்னால் வந்தது. போனை எடுத்து அடித்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அவரிடம் என்னவென்று சொல்வது என்று யோசித்து, போனைப் பையில் போட்டுக்கொண்டார். நுரைக்காரர் மூடிய பாட்டில் வெடிக்கப்போகிறது என்றா?

"மாப்ள, மோட்டார நீயே மாட்டு."

"நானா?" மச்சினன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"உன்னத்தான். வயரு நிறம் பாத்து மாட்டு."

படியில் இறங்கும்போதே மூளை வேலை செய்தது. சூட்டில் பொங்குவது குளிரில் அடங்கும். கீழே மீன் பெட்டிகளுக்கு நடுவே உடைத்த ஐஸ் குவிந்து கிடந்தது. ஒரு சாக்கை எடுத்து மண்வெட்டியால் வாரி நிரப்பினார்.

மீன் முதலாளி ஓடிவந்தார். "அண்ணே! என்ன பண்றீங்க? அங்க ரூம் சூடாகிக்கிட்டு இருக்கு, நீங்க ஐஸ அள்ளிக்கிட்டுப் போறீங்க?"

"அப்புறம் சொல்றேன். வழிய விடுங்க."

"உங்களுக்கு என்ன பைத்தியமா? என் மீனு என்னாகும்?"

தொழில் வாழ்க்கையில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தது அன்று ஒருநாள்தான். முதலாளி போட்ட சத்தம் தெருமுனை வரை பின்னாலேயே வந்தது.

சாக்கை ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தால், ரயில்வே கேட் மூடியிருந்தது. எப்போது மூடினார்களோ, பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் கால்சட்டையெல்லாம் நனைந்தது. ஐஸில் மீன் நாற்றம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சக்கரத்துக்கு அடியில் ஒரு பூனை வந்து உட்கார்ந்து அவரையே பார்த்தது. வண்டியை விட்டு இறங்கினார், ஏறினார், கேட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ரயிலைக் காணோம். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தார்.

"சொல்லுங்க நுரைக்காரரே."

"என் வீட்டுக்கு ஓடிப்போய், எங்க வீட்டம்மாவ சமையலறைய விட்டு வெளிய வரச் சொல்லுங்க. உடனே!"

"நான் வெளியூர்ல இருக்கேனே. என்ன, எதாவது கேஸ் லீக்கா?"

"லீக் ஆனா நான் ஏன்யா கவலைப்படுறேன்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

ஒருவழியாகக் கேட் திறந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்தே போட்டார். உள்ளே ஓடினார். மனைவி அடுப்பு முன்னால், கரண்டியோடு, முழு முகத்தோடு நின்றிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

"விடுங்க, என்ன இது? மீன் மார்க்கெட்டுல விழுந்து எந்திரிச்சீங்களா? இப்படி நாறுது!"

"போனை ஏன் எடுக்கல?"

"சத்தத்த நிறுத்தி வெச்சிருக்கேன். உங்க அக்கா வந்து படுத்திருக்காங்க. சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க."

நுரைக்காரர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். அலமாரிக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூடை இல்லை.

"பாட்டில் எங்கே?"

"அண்ணி வந்தா அலமாரியெல்லாம் நோண்டுவாங்கன்னு எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"எங்கே?"

"கட்டிலுக்கு அடியில."

அவருடைய அக்கா படுத்திருந்தது அந்தக் கட்டிலில்தான். தம்பியை விட இரண்டு மடங்கு உடம்பு. சாப்பிட்ட களைப்பில் சுவர்ப் பக்கம் திரும்பி நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டில் கிறீச்சிட்டது. அதற்கு நேர் கீழே கறுப்புத் துணி போர்த்திய கூடை.

"அக்கா" என்று வாசற்படியில் நின்று மெதுவாகக் கூப்பிட்டார். "அக்கா, எந்திரி. மெதுவா எந்திரி. குதிக்காத."

அக்கா ஒரு கண்ணைத் திறந்தார். "நான் என்னைக்குடா குதிச்சேன்? போடா, இப்பத்தான் கண் அசந்தேன்."

பாம்பு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் குதித்துவிடுவார். திருடன் என்றால் எழுந்து சண்டைக்கு வருவார். வேறு பொய் எதுவும் வாயில் வரவில்லை. பின்னால் மனைவி கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டிலுக்குக் கீழே இஞ்சித் தண்ணி இருக்குக்கா. அவ மூடியத் தளர்த்தி வெச்சிருந்தா. நான் அவளுக்குத் தெரியாம வாஷர் போட்டு, டேப் சுத்தி, ஸ்பேனரால இறுக்கிட்டேன். உள்ள கேஸு ஏறிப்போச்சு. எப்ப வேணும்னாலும் வெடிக்கும்."

"நீயா இறுக்கின?" என்றார் அக்கா.

"நான்தான்."

அக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி இறுக்கினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முந்தானையை வாரிச் சுருட்டிக்கொண்டு, முட்டை மேல் நடப்பவர் போலக் காலைத் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாரோ இல்லையோ, உள்ளே டமார் என்று ஒரு சத்தம். மெத்தை ஓர் அடி எழும்பி விழுந்தது. ஜன்னல் திரையெல்லாம் இஞ்சி வாசனை.

"நான் படுத்திருந்த இடம்டா அது" என்றார் அக்கா.

நுரைக்காரர் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த ஐஸ் சாக்கை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். மெத்தையைக் கீழே இழுத்து முன்னால் சுவர் மாதிரி நிறுத்தி, அதற்குப் பின்னால் மறைந்துகொண்டு, துடைப்பத்தால் ஐஸைத் தள்ளித் தள்ளிக் கூடையைச் சுற்றிக் குவித்தார். மேலே ஈரச் சாக்கைப் போட்டார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். இனிக் குளிரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

காத்திருப்பதுதான் அவருக்கு வராத தொழில். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். கதவில் காதை வைத்தார். மனைவி முகத்தைப் பார்க்காமல் சுவர் காலண்டரைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் மனைவி.

"இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொன்ன."

"வந்தீங்க. சரி. வந்ததச் சொல்லியிருக்கலாம்ல? அரைச் சுத்துத் தளர்த்தி வெச்சதே, ஏறுற கேஸு கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகட்டும்னுதான். எனக்கு மூடத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவர் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் பதில் என்று அந்த அம்மாளுக்குப் புரிந்தது.

"கூடையைத் தூக்கினது நான். இடுப்புல வெச்சுக்கிட்டு அந்த ரூம் வரைக்கும் நடந்தேன்" என்றார். இடுப்பில் அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நுரைக்காரர் உட்கார்ந்துவிட்டார். அது அவருக்குத் தெரியாத விஷயம். வழியெல்லாம் மனக்கண்ணில் வந்த அலமாரியை விட இது பெரிதாக இருந்தது. "என்னைத் திட்டு" என்றார்.

"திட்டினா உங்களுக்கு ஆறிப்போயிடும். திட்டமாட்டேன்."

குளிர் ஏறியிருக்கும் என்று தோன்றியபின் இருவரும் உள்ளே போனார்கள். உடைந்த பாட்டில் பொடிப்பொடியாகக் கிடந்தது. கழுத்து மட்டும் தனியாக முழுசாக இருந்தது. அதில் மூடி, டேப், வாஷர் எல்லாம் அசையாமல் அப்படியே. வாசற்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "பாட்டில் போச்சு, மூடி போகல. வேலைன்னா இதுதான்டா வேலை."

வேறு நாளாக இருந்தால் அவரே அதை எடுத்துக் காட்டிப் பெருமை பேசியிருப்பார்.

முதல் பாட்டிலை ஈரச் சாக்கால் சுற்றி, ஸ்பேனரை வைத்தார். குளிர் அறைகளையும் கம்ப்ரசர்களையும் அடக்கிய கையில், ஸ்பேனரின் பட்டை மூடியில் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எதிரே வந்து உட்கார்ந்து, சாக்குக்கு மேலே அவர் கைமேல் தன் கையை வைத்துப் பிடித்தார்.

"நீ தள்ளி நில்லு."

"நீங்க திருகுங்க."

"தள்ளிப் போம்மான்னா!"

"என் பாட்டிலு. திருகுங்க."

திருகினார். ஸ்ஸ்ஸென்று நீளமாக, அடங்குவேனா என்று கேட்பது போல ஒரு சத்தம். வாழ்நாள் முழுக்க வெறுத்த சத்தம். அது முடிகிற வரை மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே இன்னும் மூன்று.

மனைவி டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டார். இன்னொரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். நுரைக்காரர் ஒரு வாய் குடித்ததும் சுர்ரென்று நாக்கில் ஏறி, மூக்கு வழியாக மண்டை வரை போனது.

"வந்துடுச்சு" என்றார் மனைவி. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் அவரைப் பார்த்தார். "நாசமாப் போறவரே, வந்துடுச்சு."

அக்காவும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து ஏப்பம் விட்டு, வயிற்றுக்கு நல்லது என்று சொன்னார்.

கடைசிப் பாட்டிலுக்கு நுரைக்காரர் கை நீட்டியபோது மனைவி கூடையை இழுத்துக்கொண்டார். "இது இப்படியே இருக்கட்டும். ஃப்ரிட்ஜுல வெக்கிறேன். நாளைக்கு இன்னும் நல்லா இருக்கும்."

"வேண்டாம். திற."

"குளிர்ல பொங்காதுன்னுதான நீங்க ஐஸு கொண்டுவந்தீங்க?"

"கரண்டு போனா? கம்ப்ரசர் நின்னா?"

"அது நீங்க கட்டின ஃப்ரிட்ஜு. இந்தத் தெருவுல நிக்காத ஃப்ரிட்ஜு நம்மளதுதான்னு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கீங்க. நிக்குமா நிக்காதா? சொல்லுங்க."

அவரால் நிற்கும் என்று சொல்ல முடியவில்லை. நிற்காது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மனைவி பாட்டிலைக் கொண்டுபோய் அடித்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் மச்சினன் போன் செய்தான். மோட்டார் ஓடுகிறது, மீன் ஒன்றும் ஆகவில்லை, முதலாளி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார் என்றான். "எந்தப் பக்கம் சுத்துது? காத்து எந்தப் பக்கம் வருது?" என்று நாலு முறை கேட்டார். நாலு முறையும் சரியாகச் சொன்னான். வழக்கமாக இருந்தால் நம்பாமல் வண்டியை எடுத்திருப்பார். அன்றைக்கு ஒரு முக்காலியை இழுத்து ஃப்ரிட்ஜுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு கையைக் கதவின்மேல் வைத்து, உள்ளே மெஷின் ஓடுகிற நடுக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அது கொஞ்ச நேரம் நின்று ஓய்வெடுக்கும்போதெல்லாம் முதுகை நிமிர்த்தினார். மறுபடி ஓடத் தொடங்கினால்தான் தோள் இறங்கியது.

"டேய், சாப்பிட வாடா" என்று அக்கா கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"நீ சாப்பிடுக்கா."

மனைவி வந்து பார்த்தார். போனார். திரும்பி வரும்போது இரண்டு தட்டில் ரொட்டியும் காய்ந்த தக்காளியும் இருந்தன. இன்னொரு முக்காலியைக் காலால் நகர்த்திக்கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

"அந்தக் கைய எடுக்க வேண்டாம். இந்தக் கையால சாப்பிடுங்க" என்று தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, தானும் ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.